நிலமும் பொழுதும்: ஜும்பா லஹிரியின் புனைகதைகளில் குழந்தை வளரும் அயலக இல்லம்

தோற்றுவாய்

தமிழில் புலம்பெயர்வு இலக்கியம் பற்றிய திறனாய்வு பெரிதும் நிலத்தை மையமிட்டே வளர்ந்துள்ளது. 1994இல் வெளிவந்த ‘பனியும் பனையும்’ என்னும் சிறுகதைத் தொகுப்பின் பெயரே இதற்குச் சான்றாகும். விட்டுவந்த நிலம் பனை. வந்தடைந்த நிலம் பனி. ஐந்திணைகளோடு பனி சார்ந்த நிலத்தையும் ஒரு திணையாகச் சேர்க்கவேண்டும் என்னும் கருத்தும் இந்நோக்கின் நீட்சியே. இழந்த ஊர், எல்லை கடந்த பயணம், வேரறுந்த நிலை, அடையாளச் சிக்கல் ஆகியனவே இத்திறனாய்வில் மீண்டும் மீண்டும் பேசப்படும் பொருள்களாகும்.

ஆயின் தொல்காப்பியர் முதற்பொருள் என வகுத்தது நிலத்தை மட்டுமன்று. நிலமும் பொழுதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே முதற்பொருள். புலம்பெயர்வுத் திறனாய்வு இவ்விரண்டனுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டது எனலாம். இவ்விடுபாட்டால் எது கண்ணிற்படாமற் போகிறது என்பது, அயலகத்தில் சிறு குழந்தைகளோடு நடக்கும் அன்றாட இல்வாழ்க்கையைக் கூறும் படைப்புகளைப் பயிலும்போது தெளிவாகிறது. அவ்வில்லத்தில் தாயகம் ஒரு நிலப்படமாக அன்றி, பாலூட்டும் நேரமாகவும் பள்ளி விடும் நேரமாகவும் உறங்கவைக்கும் நேரமாகவுமே உணரப்படுகிறது. ஜும்பா லஹிரியின் புனைகதைகள் சிலவற்றை இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லஹிரி 1967இல் இலண்டனில் வங்காளிப் பெற்றோர்க்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வளர்ந்தவர். ‘இண்டர்பிரட்டர் ஆஃப் மாலடீஸ்’ (1999) என்னும் முதல் சிறுகதைத் தொகுதிக்காக 2000இல் புலிட்சர் பரிசு பெற்றார். ‘தி நேம்சேக்’ (2003) அவருடைய முதல் நாவல். ‘அன்அக்கஸ்டம்ட் எர்த்’ (2008) இரண்டாம் சிறுகதைத் தொகுதி. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்திற்குப்பின் படிப்பையும் தொழில்திறனையும் கொண்டு அங்குச் சென்ற இந்தியக் குடும்பங்களின் வாழ்வே இம்மூன்று நூல்களின் பெரும்பான்மைக் களம். லஹிரி திணைக் கோட்பாட்டை அறிந்து எழுதினார் என்பது இங்குக் கருத்தன்று. முதற்பொருளின் ஒரு பாதியை மீட்டெடுத்து வாசிக்கும்போது அவர் படைப்புகளில் புலனாவது எது என்பதே வினா.

கைவிரலில் எண்ணிய பொழுது

‘தி நேம்சேக்’ 1968 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், நிறைமாதக் கர்ப்பிணியான அஷிமாவின் சமையலறையில் தொடங்குகிறது. கொல்கத்தாவின் நடைபாதைகளில் விற்கும் பொரித் தின்பண்டத்தை, அங்குக் கிடைக்கும் அரிசிப்பொரித் தானிய உணவையும் வேர்க்கடலையையும் வெங்காயத்தையும் கலந்து அவள் செய்துபார்க்கிறாள். இக்காட்சியைத் தாயக ஏக்கத்தின் குறியீடாகக் கொள்வது எளிது. நிலத்தை மையமிட்ட வாசிப்பு இவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இதனையடுத்து வரும் மருத்துவமனைக் காட்சி வேறொன்றைக் காட்டுகிறது. வலி விட்டுவிட்டு வரும் வேளையில் அஷிமா தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். பின்பு கட்டைவிரலால் விரற்கணுக்களைத் தொட்டு எண்ணி, கொல்கத்தாவில் ஒன்பதரை மணிநேரம் கூடுதல், அங்கு இப்போது இரவு எட்டரை எனக் கணக்கிடுகிறாள். தாய்வீட்டில் அந்நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருப்பர் என்பது அவள் மனத்தில் விரிகிறது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் வங்காளிகளுக்கும் தமிழர்க்கும் பொதுவானது. அவ்வழக்கம் தரும் துணையை அவள் இழந்திருக்கிறாள். அவ்விழப்பை அவள் தொலைவின் அளவையால் அளக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எத்தனை கல் தொலைவு என்று அவள் எண்ணவில்லை; எத்தனை மணி என்றே எண்ணுகிறாள்.

நாவலின் மையச் சிக்கலான பெயரும் பொழுதின் மோதலிலிருந்தே பிறக்கிறது. வங்காளிக் குடும்பங்களில் வீட்டில் அழைக்கும் ‘டாக்நாம்’ வேறு, வெளியுலகிற்குரிய ‘பாலோநாம்’ வேறு. பின்னது சூட்டப்படுவதற்கு ஆண்டுகள்கூடக் காத்திருக்கலாம். அஷிமாவின் பாட்டி பெயரெழுதி அனுப்பிய கடிதம் வந்துசேரவில்லை. மருத்துவமனையோ, பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் தந்தாலன்றிக் குழந்தையை வீட்டிற்கு அனுப்ப ஒப்பவில்லை. காத்திருக்கும் மரபும் காத்திராத அலுவலகமும் மோதிய இடத்தில், தந்தை அஷோக் உருசிய எழுத்தாளர் கோகலின் பெயரைக் குழந்தைக்கு இடுகிறார். பிற்காலத்தில் அவ்விளைஞனை அலைக்கழிக்கும் அடையாளச் சிக்கலைக் கிழக்கு, மேற்கு என்னும் இருநிலப் போராட்டமாக விளக்குவது வழக்கம். மூலத்தில் அது ஒரு கெடு நாளால் விளைந்தது. கடிதம் உரிய நாளில் வந்திருப்பின், அல்லது மருத்துவமனை சிறிது பொறுத்திருப்பின், இந்நாவலின் கதையே வேறாகியிருக்கும்.

நண்பகலும் அரிசியும்

குழந்தையோடு வீடு திரும்பிய பின்னர் வரும் பகுதி, இந்நாவலைப் பற்றிய ஆய்வுகளில் குறைவாகவே கவனிக்கப்படுவது. ஆயின் மிக நுட்பமானது. இந்நாட்டில் தனியே பிள்ளை வளர்க்கத் தன்னால் இயலாது, திரும்பிச் செல்லவேண்டும் என்று அஷிமா கணவனிடம் கூறுகிறாள். கணவன் பணிக்குச் சென்றபின் பகல் முழுவதும் அவளும் சிசுவும் மட்டுமே. பாலூட்டும்போது அழுகிறாள்; தபால்காரர் கடிதமின்றிச் சென்றபின் அழுகிறாள்; ஒருநாள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டதைக் கண்டு அழுகிறாள். மேல்மாடியில் குடியிருக்கும் பெண் தந்த பழுப்பரிசி அவளுக்கு ஏற்கவில்லை. இறுதியில் அவள் குழந்தையைத் தள்ளுவண்டியில் கிடத்திக்கொண்டு, தானே முதன்முறையாகக் கடைத்தெருவிற்குச் சென்று வெள்ளரிசி வாங்கி வருகிறாள். வழியில் முன்பின் அறியாதவர்கள் குழந்தையைக் கண்டு புன்னகைக்கின்றனர். அதன்பின் நாள்தோறும் வெளியே செல்வது வழக்கமாகிறது.

நண்பகலைத் தொல்காப்பியம் பாலைக்கு உரியதாக்கியது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. அஷிமாவின் நண்பகலும் பிரிவின் பொழுதே. ஆனால் இங்குப் பிரிந்து சென்றவன் பொருள்வயிற் பிரிந்த தலைவன் அல்லன். மாலையில் வீடு திரும்பும் ஆய்வு மாணவன். பிரிந்தவள் அவளே. அப்பாலையை அவள் கடப்பது தாயகத்தை எண்ணியன்று; பிள்ளைக்குப் பாலூட்டும் தனக்குச் சோறு வேண்டும் என்னும் உடனடித் தேவையால். அயல்நிலம் அவளுக்குப் பழகிய நிலமாவது எந்தக் கொள்கை முடிவாலும் அன்று. அரிசி தீர்ந்த ஒரு பகலால். குழந்தையே அவளை வெளியே அழைத்துச் செல்கிறது. ஊராரையும் அவளிடம் அழைத்துவருகிறது. தள்ளுவண்டி என்னும் கருவியின்றி இம்மாற்றம் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

மாலை: இருத்தல்

‘மிசஸ் சென்’ஸ்’ என்னும் சிறுகதை இவ்வமைப்பைத் தலைகீழாக்குகிறது. இங்குப் பிள்ளை வங்காளிக் குழந்தை அன்று; எலியட் என்னும் பதினொரு வயது அமெரிக்கச் சிறுவன். தாய் மட்டுமே உள்ள வீட்டுப் பிள்ளையாகிய அவன், பள்ளி விட்டபின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் மனைவியான திருமதி சென்னின் குடியிருப்பில் விடப்படுகிறான். அவர் தரையில் அமர்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆறு மணி இருபது நிமிடத்திற்கு அவன் தாய் வருவதற்குள் நறுக்கிய சுவடு தெரியாதபடி எல்லாம் ஒழுங்குசெய்யப்பட்டுவிடும்.

முல்லைக்குரிய சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். இக்கதையில் மாலைநேரத்தில் இருவர் காத்திருக்கின்றனர். சிறுவன் தாய்க்காகக் காத்திருக்கிறான். திருமதி சென் ஊர்க்கடிதத்திற்காகவும் புதிய மீனுக்காகவும் காத்திருக்கிறார். பெற்ற தாயின் மாலைப்பொழுது பணியிடத்தில் கழிகிறது. அயலாளின் மாலைப்பொழுது பிள்ளையோடு கழிகிறது. உரத்துக் கத்தினால் யாரேனும் வருவார்களா எனத் திருமதி சென் சிறுவனிடம் கேட்கும் இடம், தன் ஊரில் ஒருவர்க்கு நேர்ந்த துயரமோ மகிழ்ச்சியோ அக்கம்பக்கம் முழுவதையும் கூட்டும் என்பதை அவர் நினைவுகூரும் இடமாகும். கார் ஓட்டப் பழகாத அவர் மீன் வாங்கச் செல்லும் வழியில் சிறு விபத்து நேர்கிறது. அதன்பின் எலியட் வீட்டுச் சாவியோடு தனியே இருக்கப் பழக்கப்படுகிறான். கதை எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஒரு பிள்ளையின் மாலைப்பொழுதிற்கு உரியவர் யார் என்னும் வினாவை மட்டும் எழுப்பி நிற்கிறது. தாயகத்தில் இருப்பவர்க்கும் அயலகத்தில் இருப்பவர்க்கும் அவ்வினா ஒன்றே என்பதும் இங்கு உணரத்தக்கது.

யாமம்: இரு கடிகாரங்கள்

‘வென் மிஸ்டர் பிர்ஸாதா கேம் டு டைன்’ என்னும் கதை 1971இல், வங்கதேசப் போரின் பின்னணியில் நிகழ்வது. டாக்காவில் மனைவியையும் ஏழு பெண்மக்களையும் விட்டு ஆய்வுக்காக வந்துள்ள பிர்ஸாதா, இரவுதோறும் ஓர் இந்தியக் குடும்பத்தோடு உண்ணவருகிறார். அவ்வீட்டுப் பத்து வயதுச் சிறுமி லிலியாவின் பார்வையில் கதை கூறப்படுகிறது. உண்ணும் முன்னர் அவர் தம் சட்டைப்பையிலிருந்து பட்டையற்ற கடிகாரம் ஒன்றை எடுத்து மேசைமீது வைக்கிறார். அது டாக்கா நேரத்திற்கு வைக்கப்பட்டது. பதினொரு மணிநேரம் முந்தியது. தாம் இங்கு உண்ணும் இவ்விரவு, அங்கு ஏற்கெனவே விடிந்துவிட்ட காலையின் நிழலே என்னும் உணர்வு சிறுமிக்கு எழுகிறது.

அரசியல் வரைபடத்தில் இந்தியர், பாகிஸ்தானியர் எனப் பிரிக்கப்பட்டவர்கள் ஒரே மேசையில் ஒரே உணவை உண்பதன் புதிர் இக்கதையில் பேசப்படுகிறது. திறனாய்வாளர் பலரும் அதனைச் சுட்டுவர். ஆயினும் சிறுமிக்குப் போர் புரிவது வரைபடத்தால் அன்று, அக்கடிகாரத்தாலேயே. பிர்ஸாதா தரும் மிட்டாய்களை அவள் சந்தனப் பேழையில் சேர்த்து வைக்கிறாள். உறங்கும் முன் ஒன்றை வாயிலிட்டு, அவர் குடும்பம் நலமாயிருக்கவேண்டும் என வேண்டிக்கொள்கிறாள். அவள் பயிலும் பள்ளியோ அமெரிக்க வரலாற்றை மட்டுமே கற்பிக்கிறது. நூலும் பள்ளியும் கற்பிக்காத ஒன்றை உணவு மேசையும் படுக்கைநேரமும் கற்பித்துவிடுகின்றன. பிறர் துயரம் சிறு குழந்தைக்குள் நுழையும் வழி இதுவே என்பதை இக்கதை ஆரவாரமின்றி நிறுவுகிறது.

மொழி வாழும் மணிநேரம்

இதுவரை கண்டவற்றின் பயன் மொழிப் பேணல் பற்றிய வினாவில்தான் முழுமையாகப் புலப்படும். ‘தி நேம்சேக்’ நாவலில் பெற்றோர் கோகலை ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் வங்கமொழி வகுப்பிற்கு அனுப்புகின்றனர். மறுபுறம், பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் கொண்டாடுகின்றனர். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் விரும்பும் அமெரிக்க உணவை அஷிமா சமைக்கிறாள். கடையில் தாங்கள் உண்ணாத பொருள்களைப் பிள்ளைகள் கூடையில் நிரப்ப இசைகின்றனர். இவற்றுள் எதுவும் பெரிய முடிவு அன்று. ஒவ்வொன்றும் ஒரு வேளையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தல். இவ்வாறு விட்டுக்கொடுத்த வேளைகளின் கூட்டுத்தொகையே இரண்டாம் தலைமுறையின் பண்பாடு ஆகிறது.

‘அன்அக்கஸ்டம்ட் எர்த்’ என்னும் தலைப்புக் கதையில் இதன் அடுத்த கட்டம் அமைகிறது. சியாட்டில் நகரில் வாழும் ருமா, அமெரிக்கக் கணவன் ஆடம், மூன்று வயது மகன் ஆகாஷ் ஆகியோரைக் கொண்டது அக்குடும்பம். ருமா மீண்டும் கருவுற்றிருக்கிறாள். மகன் சிசுவாக இருந்தபோது அவனோடு வங்கமொழி பேசிய அவள், அவன் வளர வளர அதனைக் கைவிடுகிறாள். அவனும் மறந்துவிடுகிறான். மொழியை விட்டுவிடவேண்டும் என அவள் எண்ணியதாகக் கதையில் இல்லை. நாளின் நெருக்கடியில் எந்த மொழி விரைந்து வாயில் வருகிறதோ அதுவே நிலைத்துவிடுகிறது. மனைவியை இழந்த எழுபது வயதுத் தந்தை ஒரு வாரம் தங்க வருகிறார். பேரனோடு தோட்டம் போடுகிறார். வேலையினூடே வங்கச் சொற்களைக் கற்பிக்கிறார். சிறுவன் தனக்கென ஒதுக்கிய சிறு பாத்தியில் ரப்பர் பந்தையும் லெகோ துண்டுகளையும் விதைக்கிறான். ஆண்டுகளாகப் போன மொழி ஒரு வாரத்தில் தளிர்விடுகிறது. மண்ணைக் கிளறும் காலைநேரங்களை ஒருவர் சிறுவனுக்கு முழுமையாகத் தந்ததே காரணம்.

இக்கதையின் தலைப்பு நதானியேல் ஹாதோர்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ (1850) நாவலின் முன்னுரைப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. பழகாத மண்ணில் வேர்விடுதலைக் குறிப்பது. தலைப்பு நிலத்தைக் கூறுகிறது. கதையோ பொழுதால் இயங்குகிறது. மண் எதுவாயினும் அதில் ஒருவர் நாள்தோறும் நீர்வார்க்கும் நேரமே வேரைத் தீர்மானிக்கிறது என்பதே கதையின் உட்கிடை.

தமிழ் வாய்மொழி மரபு இவ்வுண்மையை முன்பே அறிந்திருந்தது. தாலாட்டு உறங்கவைக்கும் வேளைக்குரியது; நிலாச்சோறு அந்திக்குரியது. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவமும் நிலவு தோன்றும் பொழுதையே களமாகக் கொண்டது. இவை பாடல் வகைகள் மட்டுமல்ல. குழந்தைக்கு மொழியைத் தருவதற்கென நாளில் ஒதுக்கப்பட்ட வேளைகள். அவ்வேளைகளுக்கு உரிய தாயும் பாட்டியும் அத்தையும் இல்லாத வீட்டில் பாடல்களை நூலாகத் தொகுத்து அனுப்புவதால் மட்டும் பயன் விளையாது.

செவிலியின் வருகை

ருமாவின் தந்தை வருகையைத் தமிழ் அகமரபின் ஒரு கூற்றோடு ஒப்பிடலாம். ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார், அதனைச் ‘செவிலி கூற்றுப் பத்து’ என்னும் பகுதியோடு தொடங்குகிறார். மணமாகிச் சென்ற மகளின் இல்லத்தைக் கண்டுவந்த செவிலி, தலைவனும் தலைவியும் புதல்வனை நடுவே கொண்டு மகிழ்ந்திருந்த காட்சியை நற்றாய்க்கு உரைக்கிறாள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் செவிலியோ, புதுமனைவி தன் கையால் சமைத்ததையும், தாளிப்பின் புகை கண்ணில் படிந்ததையும், கணவன் இனிதென உண்டபோது அவள் முகம் நுட்பமாய் மலர்ந்ததையும் கூறுகிறாள். வீட்டு வேலையே அன்பின் சான்றாக நிற்கும் அரிய இடம் அது.

ருமாவின் தந்தையும் மகளின் இல்லத்தைக் காண வந்தவரே. ஆயின் அவர் கண்டதை உரைப்பதற்குரிய நற்றாய் இறந்துவிட்டாள். அவர் காணும் இல்லத்தில் மகள் தன் வழக்கறிஞர் பணியை விட்டு, பிள்ளையோடு தனித்திருக்கிறாள். ஒருகாலத்தில் தம் மனைவி இருந்த அதே தனிமை அது என்பதை அவர் உணர்கிறார். தங்களோடு இருந்துவிடுமாறு மகள் அழைத்தபோதும் அவர் மறுக்கிறார். மீண்டும் ஒரு குடும்பத்தின் ஓயாத அலுவல்களுக்குள் தம் எஞ்சிய நாள்களை ஒப்படைக்க அவர் விரும்பவில்லை. அவருக்குப் புதிய தோழமை ஒன்றும் வாய்த்திருக்கிறது. தாத்தா பாட்டியரை மொழிக்கும் மரபிற்கும் உரிய கருவிகளாக மட்டும் கருதும் எளிய போக்கிற்கு இம்மறுப்பு தக்க விடையாகும். முதியோர்க்கும் தமக்கென ஒரு பொழுது உண்டு. அத்தோழிக்கு அவர் வங்கமொழியில் எழுதிய அஞ்சலட்டையைப் பேரன் தன் பாத்தியில் நட்டுவிடுகிறான். அதனைக் கண்டெடுத்த ருமா இறுதியில் அஞ்சல்தலை ஒட்டுகிறாள். தந்தையின் பொழுதை மகள் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

எல்லைகள்

லஹிரியின் களத்திற்கு எல்லைகள் உண்டு. அவருடைய இல்லங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் சார்ந்தவை. வாடகைக்கும் உணவிற்கும் அல்லற்படாதவை. தந்தையர் வெளியே பணியாற்ற, பிள்ளையின் பகல் முழுவதையும் தாயர் சுமக்கின்றனர். இப்பங்கீட்டை ஆசிரியர் துல்லியமாகக் காட்டினாலும் மாற்றவேண்டியதாக அரிதாகவே வினவுகிறார். 1983க்குப்பின் ஏதிலியராக ஐரோப்பாவிற்கும் கனடாவிற்கும் சென்ற ஈழத்தமிழர் குடும்பங்களின் நிலை இதனின் வேறுபட்டது. கணவன் இரவு ஷிஃப்டிலும் மனைவி பகல் ஷிஃப்டிலும் பணியாற்றும் வீட்டில், பெற்றோர் இருவரும் ஒருசேரப் பிள்ளையோடு இருக்கும் வேளை எது? அவ்வீட்டில் யாமம் யாருக்குரியது? புலம்பெயர்ந்த தமிழ்ப் படைப்புகளை இவ்வினாக்களோடு மறுவாசிப்புச் செய்யின், போரும் புகலிடமும் மட்டுமே பேசப்படும் கதைகளுக்குள் தொட்டிலும் பால்புட்டியும் பள்ளிப்பையும் கண்ணிற்படும். இதுவரை சிறுபான்மைச் செய்திகளாகக் கருதப்பட்டவை அவை.

சிறுபொழுதையும் திணையையும் மேற்கண்டவாறு பொருத்துவதில் இயந்திரத்தன்மை நேர்ந்துவிடாமற் காத்தலும் வேண்டும். ஒவ்வொரு நண்பகலும் பாலை ஆகாது. ஒவ்வொரு மாலையும் முல்லை ஆகாது. தொல்காப்பியரே திணை மயக்கத்திற்கு இடம் தந்துள்ளார். பொழுதை ஒரு சட்டமாகக் கொள்ளாது ஒரு வினாவாகக் கொள்வதே பயன் தரும்.

நிறைவாக

பிர்ஸாதாவின் காலத்தில் கடிதமும் அரிதான தொலைபேசியும் மட்டுமே இருந்தன. இன்று திரையில் முகம் பார்த்துப் பேச முடிகிறது. நிலத்தின் தொலைவு இவ்வாறு சுருங்கிவிட்டது. ஆயினும் பாஸ்டனுக்கும் கொல்கத்தாவிற்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி என்னும் இடைவெளி அஷிமா விரலில் எண்ணிய அளவிலேயே இருக்கிறது. அங்குப் பிள்ளை இரவு எட்டு மணிக்குக் கதை கேட்டு உறங்கும்போது, இங்குப் பாட்டிக்கு விடியற்காலை. சென்னையிலோ மதுரையிலோ உள்ள பாட்டிக்கும் இக்கணக்கு ஒன்றே. எந்தக் கருவியாலும் அழியாத தொலைவு இதுவே.

ஆதலின் அயலகத்தில் தாய்மொழி வாழுமா என்னும் வினாவை, எந்த நாட்டில் என்று கேட்பதைவிட, எந்த வேளையில், யாரோடு என்று கேட்பதே பொருத்தமாகும். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பாடம் வகுப்போரும் புலம்பெயர்வு இலக்கியத்தை ஆராய்வோரும் இவ்வினாவை ஒருங்கே எதிர்கொள்ளவேண்டியுள்ளது. முதற்பொருளின் மறுபாதியாகிய பொழுதைத் திறனாய்வு மீட்டுக்கொள்ளும்போது, அரிசி தீர்ந்த ஒரு பகலும் மிட்டாயோடு முடிந்த ஓர் இரவும் இலக்கிய வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறும்.